மாத்திரையிலிருந்து மூலிகைக்கு: இரண்டு மருத்துவர்களுக்கும் தெரிந்தே மாறியது

மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட ஆரம்பித்து, உடம்பும் மனசும் கொஞ்சம் தேறியதும் பெரும்பாலோருக்கு ஓர் ஆசை வரும். இந்த இங்கிலீஷ் மாத்திரையை விட்டுவிட்டு நாட்டு மருந்துக்குப் போய்விட்டால் என்ன? எனக்கும் வந்தது. என் அம்மாவின் அப்பா உசிலம்பட்டிப் பக்கத்து நாட்டு வைத்தியர். திண்ணையில் அமுக்கராக் கிழங்கு காய்வதைப் பார்த்து வளர்ந்தவள் நான். கல்லூரியில் படித்தது தாவரவியல். மதுரைக்கு வெளியே ஓர் அரசுப் பள்ளியில் சொல்லிக்கொடுப்பதும் அதுதான். செடிகளின் மேல் எனக்குள்ள நம்பிக்கை விளம்பரம் பார்த்து வந்ததல்ல.

அப்படிப்பட்ட நான் சொல்கிறேன். மாத்திரையிலிருந்து மூலிகைக்கு ஒரே நாளில் தாவக் கூடாது. முதலில் மாத்திரையிலிருந்து மெல்ல இறங்க வேண்டும். இறங்கிய பிறகு எந்த மருந்தும் இல்லாமல் கொஞ்ச காலம் இருந்து பார்க்க வேண்டும். மூலிகை தேவையா என்ற கேள்வி அதற்கு அப்புறம்தான். வரிசையை மாற்றி, மாத்திரையைக் குறைக்கும்போதே பொடியையும் ஆரம்பித்துவிட்டால், தலை சுற்றினாலும் தூக்கம் கெட்டாலும் அது எதனால் என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. நலமானால்கூட எது நலமாக்கியது என்று தெரியாமலே போய்விடும்.

அம்மா இறந்த பிறகு எனக்கு இந்த நோய் வந்தது. துக்கம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். துக்கத்தில் அழுகை வரும், நடுவே சிரிப்பும் வரும், பசிக்கும். எனக்குப் பசிக்கவில்லை. விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அதோடு சரி. சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த வரி என்ன எழுதுவது என்று தெரியாமல் கரும்பலகை முன்னால் நின்றிருக்கிறேன். மனநல மருத்துவரிடம் போனேன். எஸ்சிடாலோபிராம் 10 மில்லிகிராம் எழுதிக்கொடுத்தார். இரண்டு மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. இந்த வகை மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்க அவ்வளவு நாள் ஆகும். பிறகு தூக்கம் வந்தது, பசி வந்தது, பிள்ளைகளின் சத்தம் எரிச்சலாக இல்லாமல் போனது. அந்த மாத்திரை எனக்குச் செய்ததை நான் மறக்கவில்லை. அதை விட நினைத்ததும் அதன் மேல் கோபப்பட்டு அல்ல.

முதலில் மாத்திரை அட்டையைப் படித்துப் பார்க்க வேண்டும். இதை எழுத உட்கார்ந்ததற்கே பெரிய காரணம் இதுதான். நம் ஊரில் எஸ்சிடாலோபிராம் தனியாகவும் வருகிறது. குளோனசெபாம் என்ற இன்னொரு மருந்தோடு சேர்த்து ஒரே மாத்திரையாகவும் வருகிறது. ஆரம்பத்தில் எனக்குக் கொடுத்தது சேர்ந்த வகை. பார்க்க ஒரே மாத்திரை, உள்ளே இரண்டு மருந்து. குளோனசெபாம் பதற்றத்தைத் தணிக்கும், தூக்கம் கொடுக்கும். பல வாரங்கள் தொடர்ந்தால் உடம்பு அதைப் பிடித்துக்கொள்ளும். நீண்ட நாள் சாப்பிட்டவர்கள் அதைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். சேர்ந்த மாத்திரையைப் பாதியாக உடைத்தால் இரண்டையும் ஒரே சமயத்தில் குறைக்கிறோம். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் இறங்க வேண்டிய மருந்துகள். என் மருத்துவர் முதலில் இரண்டையும் தனித்தனி மாத்திரையாகப் பிரித்தார், குளோனசெபாமைப் படிப்படியாக முழுதும் நிறுத்தினார், அதற்கப்புறம்தான் எஸ்சிடாலோபிராமில் கை வைத்தார். உங்கள் அட்டையில் இரண்டு பெயரும் கூட்டல் குறியும் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

விட நினைப்பதை அவரிடம் சொல்வதற்கு எனக்குத் தயக்கம் இருந்தது. திட்டுவாரோ என்று. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எதுக்காக விடணும்னு நினைக்கிறீங்க டீச்சர்?" காரணங்களைச் சொன்னேன். மதுரை வெயிலில் ஏற்கெனவே வேர்க்கும், மாத்திரையால் சேலை நனையுமளவு வேர்க்கிறது. அழ வேண்டிய இடத்தில் அழுகை வருவதில்லை. இல்லற வாழ்வில் ஈடுபாடு போய்விட்டது. மூன்றும் இந்த மருந்துகளால் வருவதாக அறியப்பட்ட பக்கவிளைவுகளே. சிலருக்கு மருந்தை மாற்றினாலோ அளவைக் குறைத்தாலோ போதும், விட வேண்டியதே இல்லை என்றார். உங்கள் காரணத்தையும் இப்படி விலாவாரியாகச் சொல்லிப் பாருங்கள். பாதிப் பேருடைய குறைக்கு மூலிகைக்குப் போகாமலே வழி கிடைத்துவிடும் என்பது என் எண்ணம்.

"பக்கத்து வீட்டில் தெரிந்துவிடும்", "பெண் பார்க்க வருகிறார்கள்" என்பவை நிறுத்துவதற்கான காரணங்கள் அல்ல. ஆனால் நம் பக்கத்தில் அதிகம் பேர் நிறுத்துவது இவற்றுக்காகத்தான். இன்னொன்றும் உண்டு: மாலை போடுவது. எங்கள் தெருவில் ஒருவர் சபரிமலைக்கு மாலை போட்ட அன்றே, விரத காலத்தில் மருந்து எதற்கு என்று மாத்திரையை நிறுத்தினார். அவர் சாப்பிட்டது வென்லாஃபாக்சின். உடம்பை விட்டுச் சீக்கிரமே வெளியேறும் மருந்து அது. ஒரு வேளை தவறினாலே சிலருக்குத் தெரியும். அடுத்த நாளே தலைக்குள் சுளீர் சுளீரென்று கரண்ட் பாய்வதுபோல இருக்கிறது, நிற்க முடியவில்லை என்று உட்கார்ந்துவிட்டார். சாமி குத்தம் என்று வீட்டில் பயந்தார்கள். குருசாமியே வந்து, "மருந்து சாப்பிடறதால விரதம் கெடாது சாமி, போய் டாக்டரப் பாருங்க" என்று அனுப்பி வைத்தார். அந்தப் பெரியவருக்கு நான் மனதுக்குள் கும்பிடு போட்டேன்.

என் மருத்துவர் இரண்டு நிபந்தனைகள் வைத்தார். முழுதாக நலமான பிறகு குறைந்தது ஆறு மாதமாவது மாத்திரை தொடர வேண்டும். முதல் முறை நோய் கண்டவர்களுக்கு இது பொதுவான கணக்கு. திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு இரண்டு வருடம், அதற்கு மேலும் ஆகலாம். அடுத்ததாக ரத்தப் பரிசோதனை: தைராய்டு, ஹீமோகுளோபின், பி12, சர்க்கரை. தைராய்டு குறைந்தால் வரும் சோர்வும் மனச்சோர்வும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அதைச் சரிசெய்யாமல் மாத்திரையைக் குறைத்தால் நோய் திரும்பிவிட்டதாக நினைத்துக் கலங்க வேண்டிவரும்.

எப்போது குறைக்கத் தொடங்குவது என்பதை அந்தந்த ஊரின் காலத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் வேண்டாம். நீர் வற்றிக் கிறுகிறுப்பு வந்தால் அது வெயிலாலா, மருந்து குறைந்ததாலா என்று பிரிக்க முடியாது. சித்திரைத் திருவிழாவை ஒட்டியும் வேண்டாம். எதிர்சேவை, ஆற்றில் இறங்குவது, தசாவதாரம் என்று அடுத்தடுத்த இரவுகளில் தூக்கம் போகும். இந்த நோய்க்குத் தூக்கம் கெடுவதைப் போல எதிரி வேறில்லை. வீட்டில் கல்யாணம், மார்ச் மாதப் பொதுத் தேர்வு, வீடு மாறுதல் எதையும் நடுவில் வைத்துக்கொள்ளக் கூடாது. பள்ளி திறந்து வகுப்புகள் ஒரு சீருக்கு வந்த பிறகு, ஆடிக் காற்று வீசத் தொடங்கிய சமயத்தில் நான் ஆரம்பித்தேன்.

குறைப்பது என்றால் பத்திலிருந்து ஐந்து, ஐந்திலிருந்து பூஜ்யம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மூளையில் கணக்கு அப்படி நடப்பதில்லை. 10 மில்லிகிராமை 5 ஆக்கும்போது மருந்தின் பிடி பாதியாகிவிடாது, கொஞ்சம்தான் தளரும். 5லிருந்து பூஜ்யத்துக்கு வரும்போதுதான் மீதிப் பிடி அத்தனையும் ஒரேயடியாக விடுபடுகிறது. கிணற்றில் இறங்கும்போது கடைசிப் படிகள்தான் வழுக்கும், அதுபோல. லண்டனில் ஆய்வு செய்த மார்க் ஹொரோவிட்ஸும் டேவிட் டெய்லரும் 2019இல் இதை விளக்கி எழுதிய பிறகு, கீழே வரவர இன்னும் சிறிய அளவுகளாக, இன்னும் நிதானமாகக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் மருத்துவர்களிடையே பரவியிருக்கிறது. எனக்கு முதல் குறைப்பு சுலபமாகப் போனது. ஐந்துக்குக் கீழே போகும்போது மருத்துவர் மிகச் சிறிய அளவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சில வாரங்கள் நிற்கச் சொன்னார். மொத்தத்தில் மாதக்கணக்கில் ஆனது. நான் குறைத்த அளவையும் நாளையும் இங்கே எழுதப் போவதில்லை. அது என் உடம்புக்கு, என் மாத்திரைக்கு, நான் சாப்பிட்ட காலத்துக்குப் போட்ட கணக்கு. ஃபுளுவோக்செட்டின் சாப்பிடுபவருக்கு, நிறுத்திய பிறகும் மருந்து வாரக்கணக்கில் உடம்பில் தங்கும். பராக்செட்டின் சில நாட்களிலேயே கரைந்து போகும். இருவருக்கும் ஒரே அட்டவணை எப்படிப் பொருந்தும்?

உடைக்கக் கூடாத மாத்திரைகளும் உண்டு. நாள் முழுக்க மெல்ல மெல்ல வெளிவரும்படி செய்த கேப்சூல்களையும் மாத்திரைகளையும் இஷ்டத்துக்கு உடைத்தாலோ நசுக்கினாலோ மொத்த மருந்தும் ஒரே மூச்சில் உள்ளே போய்விடலாம். பெரும்பாலான மாத்திரைகளை ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டுக் குறைப்பதும் ஆகாது. உடம்பில் மருந்து ஏறி இறங்கி ஆட்டம் போடும்.

இறங்கும் காலத்தில் என்னைக் காப்பாற்றியது ஒரு பழைய பள்ளி டைரி. எத்தனை மணிக்குத் தூங்கினேன், எப்போது விழித்தேன், பசி, கிறுகிறுப்பு, அழுகை, எரிச்சல், அன்று எதற்காவது சிரித்தேனா. நாளுக்கு ஒரு வரி. இதன் பயன் பிறகு தெரிந்தது. கீழ்ப் படிகளில் ஒன்றுக்கு வந்த மூன்றாம் நாள் கண்ணைத் திருப்பினால் தலைக்குள் மின்னியது. கனவுகள் அத்தனை துல்லியமாக, விழித்த பின்னும் போகாமல் இருந்தன. சின்ன விஷயத்துக்கு என் மகனிடம் கத்தினேன். நோய் திரும்பிவிட்டது என்று என் கணவர் நினைத்தார். மருத்துவர் டைரியைப் புரட்டிவிட்டு, "இது நோய் இல்லை டீச்சர், மருந்து குறைஞ்சதோட அறிகுறி" என்றார். எப்படிச் சொல்கிறார் என்று கேட்டேன். குறைத்த சில நாட்களிலேயே வந்திருக்கிறது. முதலில் நோய் வந்தபோது இல்லாத உடல் அறிகுறிகள் இருக்கின்றன. மருந்தைப் பழைய அளவுக்கு ஏற்றினால் இவை சீக்கிரமே அடங்கும். நோய் திரும்புவதானால் அது மெல்ல, வாரங்கள் கழித்து, முன்பு வந்த அதே வழியில் வரும். எனக்கானால் மூன்று மணி விழிப்போடும் பசியின்மையோடும். ஒரு படி மேலே ஏறி நின்றோம். அடங்கியது. மறுபடி, இன்னும் சிறிய படியாக இறங்கினோம். மேலே ஏறுவது தோல்வி என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

முழுதும் நின்ற பிறகு உடனே மூலிகைக்குப் போகவில்லை. கொஞ்ச காலம் எதுவும் இல்லாமல் இருந்தேன். பிறகு ஒரு சித்த மருத்துவரிடம் போனேன். பி.எஸ்.எம்.எஸ். படித்து, தமிழ்நாடு சித்த மருத்துவ மன்றத்தில் பதிவு செய்தவர். வயதில் என் தங்கை மாதிரி. மாத்திரைச் சீட்டுகள், ரத்தப் பரிசோதனை, டைரி எல்லாவற்றையும் மேசையில் வைத்தேன். அவர் நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார். பிறகு சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. "அக்கா, கடுமையான மனச்சோர்வுக்கு உங்க மாத்திரைக்குப் பதிலா இதக் குடிங்கன்னு நான் எந்தச் சூரணத்தையும் தர மாட்டேன். இப்ப உங்களுக்கு மிச்சம் இருக்கிறது லேசான தூக்கக் குறைவும் படபடப்பும். அதுக்குப் பாக்கலாம்." சித்த மருத்துவத்தில் மன நோய்களுக்கென்று தனி நூல் மரபே உண்டு, அகத்தியர் பெயரில் வழங்கும் மானிடக் கிறுக்கு நூல் அதில் ஒன்று. அந்த மரபு தெரிந்தவர்தான் இப்படிச் சொன்னார்.

நம் மூலிகைகளைப் பற்றித் தாவரவியல் ஆசிரியையாக நான் தேடிப் படித்ததையும் அவர் சொன்னதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

மனச்சோர்வுக்கென்று உலகில் மிக அதிகமாகச் சோதித்துப் பார்த்த செடி நம் ஊர்ச் செடி அல்ல. ஐரோப்பாவில் மஞ்சள் பூப் பூக்கும் ஹைபெரிகம் பெர்ஃபோரேட்டம். கடையில் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற பெயரில் விற்கும். 2008இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 29 சோதனைகளை, 5,489 நோயாளிகளை வைத்துப் பார்த்து, லேசான, நடுத்தர மனச்சோர்வில் இது மாத்திரைகளுக்கு ஏறத்தாழ இணையாக வேலை செய்கிறது என்றது. ஜெர்மன் பேசும் நாடுகளில் செய்த சோதனைகளில் பலன் கூடுதலாகத் தெரிந்ததையும் குறித்தது. வேலை செய்கிறது என்பதாலேயே ஆபத்தும் இருக்கிறது. எஸ்சிடாலோபிராம், செர்ட்ராலின் போன்றவற்றோடு இதைச் சேர்த்தால் மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் அளவு மீறிப் போகலாம். நடுக்கம், வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு, காய்ச்சல், தசைத் துடிப்பு, குழப்பம் என்று வந்தால் அது அவசர சிகிச்சைக்கான நேரம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இது வேறு மருந்துகளை உடம்பு சிதைக்கும், வெளியேற்றும் வேகத்தையும் கூட்டிவிடும். கருத்தடை மாத்திரை, வார்ஃபாரின், டிகாக்சின், உறுப்பு மாற்று செய்தவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரின், எச்.ஐ.வி. மருந்துகள் எல்லாம் இதனால் பலனிழக்கலாம். இணையத்தில் கேப்சூலாக வாங்கி, மாத்திரையோடு சேர்த்து விழுங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. தூக்கத்துக்கும் மனமகிழ்ச்சிக்கும் என்று விற்கிற 5-எச்டிபி கேப்சூலுக்கும் செரட்டோனின் பற்றிய இதே எச்சரிக்கை பொருந்தும்.

"மூலிகைதானே, ஒண்ணும் செய்யாது" என்று சொல்பவர்களுக்கு நான் சர்ப்பகந்தாவின் கதையைச் சொல்வேன். 1931இல் கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் இந்த வேர் மனநோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் வேலை செய்வதை எழுதினார்கள். 1949இல் பம்பாயில் ருஸ்தம் ஜால் வக்கீல் ரத்தக் கொதிப்பு நோயாளிகளிடம் சோதித்து லண்டன் இதழில் வெளியிட்டார். 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தது. உலகமே அதைச் சாப்பிட்டது. சாப்பிட்டவர்களில் சிலர் ஆழ்ந்த சோர்வில் விழுந்ததாக மருத்துவர்கள் எழுதினார்கள். அது எத்தனை பேருக்கு, எந்த அளவுக்கு என்பதில் இன்று விவாதம் இருக்கிறது. ஆனால் ரெசர்பின் மூளையில் செரட்டோனின் போன்றவற்றை வற்றச் செய்கிறது என்பதைக் கண்டுபிடித்தது, மனச்சோர்வுக்கும் அந்த வேதிப்பொருட்களுக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற கருத்து வளர ஒரு காரணமானது. இன்றைய மாத்திரைகள் அந்த வழியில் வந்தவை. நம் மண்ணின் ஒரு வேருக்கு இவ்வளவு வலு. தூக்கத்துக்கு என்று யாராவது சர்ப்பகந்தா கலந்த பொடி கொடுத்தால், மனச்சோர்வு வந்து போனவர்கள் தொடவே கூடாது.

அமுக்கரா நம் சமவெளிக்காரச் செடி. தரிசு நிலத்தில், ஓடைக் கரையில், சாலையோரத்தில் தானாகவே வளரும். மன அழுத்தமும் தூக்கமின்மையும் குறைவதாகச் சில வாரங்கள் நடந்த சிறு சோதனைகள் காட்டுகின்றன. மனச்சோர்வு மாத்திரைக்கு மாற்று என்று சொல்லுமளவு சான்று இல்லை. தைராய்டு சுரப்பை இது கூட்டலாம். தைராக்சின் சாப்பிடுபவர்கள் கவனிக்க வேண்டும். தூக்க மருந்தோடு சேர்ந்தால் மயக்கம் கூடும். சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை இறங்கிவிடலாம். கர்ப்பிணிகளுக்குக் கூடாது. கல்லீரல் பாதித்த சம்பவங்களும் பதிவாகியிருக்கின்றன. கண் மஞ்சளித்தால், சிறுநீர் அடர்ந்து போனால் உடனே நிறுத்த வேண்டும். வல்லாரை, கீரைக்காரம்மா கூடையில் வருவது. துவையல் அரைத்துச் சாப்பிடலாம், நல்ல கீரை. மனச்சோர்வைத் தீர்க்கும் என்று எதிர்பார்த்துச் சாப்பிடாதீர்கள். பூனைக்காலி விதையில் எல்-டோபா இருக்கிறது. மனநல மருந்துகளோடு அதை விளையாட்டாகச் சேர்க்கக் கூடாது.

எனக்கு அவர் அமுக்கராச் சூரணம் கொடுத்தார். இரவில் பாலோடு. குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும், நடுவில் கல்லீரல், தைராய்டு பரிசோதனையோடு. மனநல மருத்துவருக்கும் ஒரு சீட்டு எழுதி என்னிடமே கொடுத்தனுப்பினார், என்ன மருந்து, எவ்வளவு என்று. அந்தச் சீட்டை வாங்கிப் படித்த மனநல மருத்துவர் கோப்பில் வைத்துக்கொண்டார். இரண்டு பேரும் நேரில் சந்தித்துக்கொண்டதே இல்லை. ஆனாலும் ஒருவர் கொடுப்பது மற்றவருக்குத் தெரிந்திருந்தது. வைத்தியம் மாறுவதில் பாதுகாப்பு என்றால் என் அனுபவத்தில் அதுதான்.

கீழமாசி வீதி நாட்டு மருந்துக் கடைகளில் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் இந்த விஷயத்தில் கடைக்காரரிடம் நோயைச் சொல்லிப் பொடி வாங்கக் கூடாது. சீட்டோடு போய் வாங்க வேண்டும். தயாரித்த மருந்தானால் டப்பாவில் உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதெல்லாம் இருக்க வேண்டும். சித்த மருந்துகளும் 1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டத்துக்குள் வருபவையே. 1944இல் தொடங்கிய இம்காப்ஸ் கூட்டுறவு, அரசின் டாம்ப்கால் போன்ற இடங்களில் செய்தவை கிடைக்கின்றன. பெயரில்லாத பொட்டலப் பொடியில் தூக்க மருந்தோ ஸ்டீராய்டோ கலந்திருந்தால் நமக்கு எப்படித் தெரியும்? உலோகமும் தாதுவும் சேரும் பற்பம், செந்தூரம் வகைகளைச் சித்த மருத்துவர் நேரடியாகக் கொடுத்தாலன்றித் தொடாதீர்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்ததை 2004இல் வெளியிட்டார்கள். ஈயம் உடம்பில் சேர்ந்தால் அதுவே சோர்வையும் எரிச்சலையும் தூக்கக் கேட்டையும் கொண்டுவரும். எந்த நோய்க்காக வைத்தியத்துக்குப் போனோமோ அதே அறிகுறிகள்.

ஒரு வைத்தியத்துக்காக இன்னொன்றை விடுவதைப் பற்றிப் பேசும்போது ஏர்வாடியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, மதுரையிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் அந்த ஊரின் தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த மன நோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். மருத்துவமா, நம்பிக்கையா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்று குடும்பங்கள் நினைத்த காலம் அது. இன்று அதே ஏர்வாடி தர்காவில் மருந்தும் துவாவும் சேர்ந்தே நடக்கிற திட்டம் இருக்கிறது. ஓதிவிட்டு அங்கேயே மனநல மருத்துவரையும் பார்க்கலாம். பாண்டி கோயிலுக்குப் போகிறவர்களையும் குணசீலத்தில் மண்டலம் இருக்கிறவர்களையும் யாரும் தடுக்க வேண்டியதில்லை. மாத்திரையைக் கையோடு கொண்டு போகச் சொன்னால் போதும். மூலிகை விஷயத்திலும் நான் வேண்டுவது அவ்வளவுதான்.

எனக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: நன்றாக இருக்கிறேன். அமுக்கராதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். காலையில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறேன், மழை பெய்தாலும் விடுவதில்லை. இறங்கும் காலம் முழுவதும் ஆலோசகர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். அம்மாவைப் பற்றிப் பேசாமல் விட்டதையெல்லாம் அங்கேதான் பேசினேன். உடற்பயிற்சிக்கும் பேச்சுச் சிகிச்சைக்கும் மனச்சோர்வில் நல்ல சான்று இருக்கிறது. பல மூலிகைகளைவிட வலுவான சான்று. சூரணத்தை இப்போது நிறுத்தியாகிவிட்டது. எனக்குத் தூக்கத்துக்கு அது கைகொடுத்தது என்பதுவரை சொல்வேன்.

என் சித்தி மகள் செர்ட்ராலின் சாப்பிடுகிறாள். அவளுக்கு நோய் மூன்று முறை திரும்பியிருக்கிறது. ஒரு முறை உயிரையே விட நினைத்தாள். நான் மாறியதைப் பார்த்து, "அக்கா, நானும் மாறட்டுமா?" என்று கேட்டாள். "நீ மாறாதடி" என்றேன். பலமுறை திரும்பி வந்தவர்கள், தற்கொலை எண்ணம் வந்தவர்கள், இருமுனைக் கோளாறு உள்ளவர்கள், மனச்சோர்வோடு காதில் குரல் கேட்டவர்கள், பிள்ளை பெற்று இன்னும் பால் கொடுப்பவர்கள் இந்தப் பாதையில் போக வேண்டாம். இருமுனைக் கோளாறில் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மனசை எதிர்த்திசையில், கட்டுக்கடங்காத உற்சாகத்தில் தள்ளிவிடலாம். நீண்ட காலம் மாத்திரையில் இருப்பது எந்த வகையிலும் குறைவு இல்லை. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடும் என் மாமனாரை யாரும் பலவீனர் என்று சொல்வதில்லை.

கடைசியாக, இறங்கத் தொடங்குவதற்கு முன்பே செய்துகொள்ள வேண்டியது ஒன்று. நோய் திரும்பினால் என்னிடம் முதலில் என்ன தெரியும் என்று நானும் கணவரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினோம். மூன்று மணி விழிப்பு, சாப்பாட்டைத் தட்டில் அளைவது, போனை எடுக்காமல் இருப்பது. இவற்றில் இரண்டு தொடர்ந்து இரண்டு வாரம் இருந்தால் நான் வேண்டாம் என்றாலும் மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும், மாத்திரையை மறுபடி ஆரம்பிக்க எனக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டேன். எனக்கு எப்படிச் சிகிச்சை வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கவும், என் சார்பில் முடிவெடுக்க உதவும் ஒருவரைக் குறிப்பிடவும் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே உரிமை தருகிறது. அதை முறைப்படி செய்துகொள்ள விரும்புகிறவர்கள் மருத்துவரிடம் கேட்கலாம். தனியார் மருத்துவரிடம் போக வசதி இல்லையென்றால் கோரிப்பாளையம் அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஆலோசனையும் மாத்திரையும் இலவசம். 1992 முதல் மதுரையில் எம்.எஸ்.செல்லமுத்து அறக்கட்டளையும் மனநலப் பணியைச் செய்துவருகிறது. குறைக்கும் காலத்தில் நள்ளிரவில் மனசு தாங்கவில்லை, சாக வேண்டும்போல இருக்கிறது என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் பேசுங்கள். எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அந்த எண்ணை உங்கள் போனில் மட்டும் வைக்காமல், உங்களோடு ஒரே வீட்டில் இருப்பவருடைய போனிலும் பதிந்து வையுங்கள்.